மியூசியத்துல பிள்ளைங்களுக்கு எழுத்துப் பட்டறை: மொத தடவ நடத்துறவங்களுக்கு

நம்ம பக்கம் எழுத்துப் பட்டறைன்னா எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பேனர், பொன்னாடை, ஒய்பி (தொகுதி உறுப்பினர்) வர லேட்டு, அப்புறம் எழுத்தாளர் எந்திரிச்சு வாசிப்பின் அவசியத்தைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசுவாரு, பின்வரிசைப் பிள்ளைங்க பேனாவைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருக்கும். இதையே மண்டபத்துலருந்து தூக்கி மியூசியத்துல வச்சா ஒன்னும் மாறிடாது. மியூசியத்துக்குப் போறதுக்கு ஒரே காரணந்தான், அங்க பாக்குறதுக்குப் பொருள் இருக்கு. பிள்ளை ஒரு பொருளைப் பாக்கணும், பாத்ததை எழுதணும். இதை மட்டும் கெட்டியா பிடிச்சுக்குங்க.

நான் இருக்குறது மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்து பத்தாங் பெர்ஜுந்தை. 2007ல பெஸ்தாரி ஜெயான்னு பேரை மாத்திட்டாங்க, எங்க வாயில இன்னும் பழைய பேருதான். அதனால உதாரணமெல்லாம் பக்கத்துல கோல சிலாங்கூர், புக்கிட் மலாவத்தி மேல இருக்குற வரலாற்று மியூசியத்தை வச்சுத்தான் சொல்லப் போறேன். நீங்க தைப்பிங் பக்கம்னா பேராக் மியூசியம் இருக்கு, 1883ல ஆரம்பிச்சது, நாட்டுலயே மொத மியூசியம். எந்த ஊரா இருந்தாலும் வழி ஒன்னுதான்.

1. மொதல்ல நீங்க தனியா போய்ட்டு வாங்க

பிள்ளைங்க இல்லாம, ஒரு சாதாரண நாள்ல. மூணு விஷயம் பாக்கணும். இருபது பிள்ளைங்க தரையில உக்காந்து எழுத நிழலான எடம் எங்க இருக்கு, டாய்லெட் எங்க, அப்புறம் எந்தெந்தப் பொருள் முன்னாடி ஆறேழு பேர் வழி மறைக்காம நிக்க முடியும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள சின்னதா இருக்குற சாமான் வேணாம், பின்னாடி நிக்கிறதுக்கு ஒன்னும் தெரியாது. பெருசா, நாலு பக்கமும் சுத்தி வந்து பாக்குற மாதிரி நாலஞ்சு பொருளைக் குறிச்சுக்குங்க. மலாவத்தில எனக்குப் பிடிச்சது வெளிய வெயில்ல கெடக்குற பீரங்கிங்கதான். 1907ல கட்டுன வெளக்கு வீடும் (கலங்கரை விளக்கம்) பக்கத்துலயே இருக்கு.

அங்க குரங்கு ஜாஸ்தி. லூத்தோங் சாம்பல் கலர்ல சாதுவா உக்காந்துருக்கும், அதோட குட்டி மட்டும் பளிச்சுன்னு ஆரஞ்சு கலர்ல இருக்கும், பிள்ளைங்களுக்கு எழுத நல்ல விஷயம். கேரா குரங்கு வேற ஜாதி, நாசி லெமாக் பொட்டலத்தைக் கையிலருந்தே பிடுங்கிட்டுப் போயிடும். பசியாறுறதெல்லாம் பஸ்லயே முடிச்சுட்டு ஏறுங்க.

2. சூராட்டு (கடிதம்), தேதி

மியூசியத்துக்கு மலாய்ல ஒரு பக்கக் கடிதம் போதும். எத்தனை பிள்ளைங்க, என்ன வயசு, எத்தனை மணிலருந்து எத்தனை மணி வரைக்கும், எந்த எடம் வேணும், ஃபோட்டோ எடுக்கலாமா. பென்சில் மட்டும்தான் கொண்டு வருவோம்னு ஒரு வரி சேத்துக்குங்க, பேனா மை பட்டுடும்னு பயப்படுறவங்களுக்கு அந்த ஒரு வரியிலயே பாதி நிம்மதி. நுழைவுக் கட்டணம் உண்டா, பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கழிவு தருவாங்களான்னும் அப்பவே கேட்டுருங்க.

பள்ளிக்கூடம் பேர்ல கூட்டிட்டுப் போனா பிபிடி (மாவட்டக் கல்வி இலாகா) அனுமதி வேணும், அது வர நாளாகும், அதனால பெரிய வாத்தியார்கிட்ட ரொம்ப முன்னாடியே சொல்லிடுங்க. கோயில், வாசகர் வட்டம் பேர்லன்னாலும் பெத்தவங்க கையெழுத்து இல்லாம ஒரு பிள்ளையையும் பஸ்ல ஏத்தாதீங்க. தேதிக்கு மே 18 பக்கமா பாருங்க, உலக அருங்காட்சியக தினம், அந்த சமயத்துல மியூசியக்காரங்களே ஏதாச்சும் நிகழ்ச்சி செய்யலாம்னு நெனப்பாங்க. நோன்பு மாசம் வேணாம். கெடா மாநிலத்துக்காரங்க வெள்ளி, சனி வார லீவைக் கணக்குல வச்சுக்குங்க.

3. எழுத்தாளரைக் கூப்பிடுறது

பெரிய பேரைத் தேடாதீங்க. பிள்ளைங்களுக்கு எழுதுறவரா, இல்லாட்டி பிள்ளைங்களோட சகஜமா பேசத் தெரிஞ்சவரா இருந்தா போதும். யாரையும் தெரியலன்னா மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கத்துல கேட்டுப் பாருங்க. பஸ் செலவும் ஒரு சன்மானமும் கொடுக்கணும், எத்தனை வெள்ளின்னு கூப்பிடுறப்பவே சொல்லிடணும். ஐயாவுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லன்னு நாமளே முடிவு பண்ணிக்கிறது ஒரு கெட்ட பழக்கம்.

அவருக்கு மூணு விஷயம் தெளிவா சொல்லிடுங்க. பேச்சு இருபது நிமிஷம், அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்ல. அதுல பாதி அவர் எழுதுனதை வாசிச்சுக் காட்டணும். முக்கியமா அவரோட அடிச்சுத் திருத்துன பேப்பரைக் கொண்டு வரணும். பெரியவர் ஒருத்தர் தன் எழுத்தையே கோடு போட்டு அடிச்சு, ஓரத்துல வேற எழுதி, அதையும் திரும்ப அடிச்சு வச்சிருக்குறதைப் பாத்தா பிள்ளைங்க வாயைப் பொளந்துக்கும். அதுங்க பள்ளிக்கூடத்துல அடிச்சு எழுதுனா மார்க் போயிடும்ல.

கேள்வியை முன்னாடியே வகுப்புல எழுத வச்சுக்குங்க. எழுத்தாளராக என்ன செய்ய வேண்டும்ங்கிற கேள்வியை மட்டும் அழிச்சுடுங்க. எந்த எடத்துல நீங்க மாட்டிக்கிட்டீங்க, இந்தக் கதையில வர்ற மாமா நெசமா இருந்தாரான்னு கேக்கச் சொல்லுங்க.

4. வீட்டுலருந்து ஒரு பொருள்

மலாவத்தி மேல உள்ள கதை கோட்டைக் கதை. 1784ல டச்சுக்காரன் பிடிச்சான், மறு வருஷமே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் பிடிச்சாரு. நம்ம பிள்ளைங்க இதைத் தெரிஞ்சுக்கணும், ஆனா அதுங்க வளந்தது வேற கதைக்குள்ள, ரப்பர் தோட்டத்துக் கதைக்குள்ள. அதனால போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஆளுக்கு ஒரு பழைய சாமான் வீட்டுலருந்து கொண்டு வரச் சொல்லுங்க. ரப்பர் பால் பிடிக்கிற மங்கு, பால் தூக்குற காண்டா வாளி, பிள்ளைங்களைப் பாத்துக்கிட்ட ஆயாக்கொட்டகை ஃபோட்டோ, தாத்தாவோட சம்பள அட்டை, எது இருந்தாலும் சரி. பால் வெட்டுற உளி மட்டும் வேணாம், அதை ஃபோட்டோ எடுத்துட்டு வந்தா போதும்.

அந்தச் சாமானைப் பத்தி வீட்டுல மூணு கேள்வி கேட்டுட்டு வரணும். இதை யார் கையில பிடிச்சா, எத்தனை மணிக்குப் பிடிச்சா, இது ஒடஞ்சா என்ன செய்வாங்க. மூணாவது கேள்வியிலதான் கதை வரும், பாட்டிங்க அங்கதான் கிராணியை (தோட்டத்துக் கணக்கரை) திட்ட ஆரம்பிப்பாங்க.

ஒரு விஷயம் சொல்லணும். எங்க ஊர் தென்னமாராம் தோட்டத்துலதான் 1917ல இந்த நாட்டோட மொத வியாபாரச் செம்பனைத் தோட்டம் போட்டாங்க. போட்ட துரை ஹென்றி ஃபோகோனியே, பிரெஞ்சுக்காரரு, மலாயாவைப் பத்தி நாவல் எழுதி 1930ல பிரான்சோட பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசே வாங்கிட்டாரு. துரை பாத்த தோட்டம் புத்தகமாயிடுச்சு. விடியக்காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நின்ன தொழிலாளிங்க பாத்த தோட்டத்தை எழுத இந்தப் பிள்ளைங்கதான் மிச்சம்.

5. அன்னைக்கு என்ன செய்யணும்

இருபது பேருக்கு மேல சேக்காதீங்க, ஆறேழு பிள்ளைக்கு ஒரு பெரியவங்க. படிநிலை 1 (1லருந்து 3ஆம் ஆண்டு) பிள்ளைங்க படம் வரைஞ்சு அதுக்குக் கீழ ரெண்டு வரி எழுதுனா போதும். படிநிலை 2ம் (4லருந்து 6ஆம் ஆண்டு) இடைநிலைப்பள்ளிப் பிள்ளைங்களும் ஒரு பக்கம்.

காலையில வெயில் ஏறுறதுக்குள்ள வெளி வேலையை முடிச்சுடுங்க. எழுத்தாளர் பேச்சு மொதல்ல வேணாம், பிள்ளைங்க பொருளைப் பாத்துட்டு வந்ததுக்கு அப்புறம் வைங்க, அப்பதான் அவர் சொல்றது அதுங்களுக்குப் புடிபடும்.

பொருள் முன்னாடி நிறுத்தி பத்து நிமிஷம் எழுதவே விடாதீங்க, பாக்க மட்டும் சொல்லுங்க. அப்புறம் கேளுங்க, எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு, என்ன வாசனை, பக்கத்துல என்ன கெடக்கு. இது ஏன்னா, சும்மா எழுதச் சொன்னா வர்றது இப்படித்தான் இருக்கும்:

"பீரங்கி மிகவும் பழமையானது. அதனை நாம் போற்றிப் பாதுகாக்க வேண்டும்."

இதுல தப்பே கண்டுபிடிக்க முடியாது, அதான் பிரச்சனை. இதை எழுதுன அஞ்சாம் ஆண்டுப் பையனையே பீரங்கி வாய்க்குள்ள எட்டிப் பாக்கச் சொன்னோம், பாத்துட்டு வந்து எழுதுனது:

"பீரங்கி வாயில ஐஸ்கிரீம் பேப்பர் கெடந்துச்சு. சண்டை இல்லாததால அதுக்கு இப்ப குப்பைத்தொட்டி வேல."

எழுத்தாளர் அந்த ரெண்டு வரியை வாங்கி எல்லாருக்கும் சத்தமா வாசிச்சாரு. அதுக்கப்புறம் இருபது பேரும் ஓடிப் போய் எட்டிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க, கூட்டத்தை அடக்கவே முடியல. அடக்கவும் வேணாம்.

கடைசியா வீட்டுச் சாமானையும் மியூசியப் பொருளையும் சேத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. மங்கும் பீரங்கியும் பேசிக்கிட்டா என்ன பேசும்னு கேட்டா சின்னதுங்களுக்கே வந்துடும்.

6. திருத்துறது

செவப்பு மையை வீட்டுலயே வச்சுட்டு வாங்க. எழுத்துப்பிழையை மட்டும் பென்சில்ல காட்டுங்க. கதாபாத்திரம் பேசுற எடத்துல தோட்டத்துப் பேச்சு இருந்தா அப்படியே விட்டுடுங்க, பாட்டி "நீ எங்கடா போற" தான் சொல்லுவாங்க, "நீ எங்கே செல்கிறாய்" சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு கேள்வி போதும், இந்த எடத்துல அப்புறம் என்ன ஆச்சுன்னு. பதிலை இன்னும் நாலு வரியா எழுதிக் கொடுக்கட்டும்.

போட்டி வைக்காதீங்க, இது என்னோட பிடிவாதம். மொத பரிசுன்னு அறிவிச்ச நிமிஷமே போற்றிப் பாதுகாக்க வேண்டும் திரும்ப வந்துடும், ஜட்ஜுக்கு என்ன பிடிக்கும்னு பிள்ளைங்களுக்கு நல்லாவே தெரியும். எல்லாருக்கும் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தா போதும்.

7. சின்னப் புத்தகம்

ஏ4 பேப்பரைப் பாதியா மடிச்சா நாலு பக்கம் வரும். அதனால மொத்தப் பக்கம் நாலால வகுபடுற மாதிரி வச்சுக்குங்க, ஆறு பேப்பர்னா 24 பக்கம், அட்டை தனி. ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்தா இருபது பிள்ளைங்களுக்குப் போக நாலு பக்கம் ஃபோட்டோவுக்கு மிச்சம். புத்தகத்துக்குப் போடுற ஐஎஸ்பிஎன் நம்பர் எல்லாம் இப்ப வேணாம். ஃபோட்டோஸ்டேட் கடையில நீள ஸ்டேப்ளர் இருக்கான்னு மொதல்ல கேட்டுக்குங்க, சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புக்கு எட்டாது. பிள்ளை பேரும் முகமும் அச்சுல வர பெத்தவங்க சம்மதம் தனியா வாங்கணும், பஸ்ல ஏறக் கையெழுத்து போட்டது இதுக்குச் செல்லாது. ஆளுக்கு ஒரு காப்பி, எழுத்தாளருக்கு ஒன்னு, பள்ளி நூலகத்துக்கு ரெண்டு, மியூசியத்துக்கு ஒன்னு. மியூசியக் காப்பிக்குள்ள ஒவ்வொரு பக்கமும் எதைப் பத்தின்னு மலாய்ல ஒரு வரி எழுதி ஒட்டிக் கொடுங்க, அடுத்த வருஷம் நீங்க சூராட்டு போடுறப்ப அங்க உள்ளவங்களுக்கு உங்களை ஞாபகம் இருக்கும்.