டிஎம்ஆர் வழியாகக் கழகத்தின் நெட்டில் முதன்முறை பேசுவது எப்படி?

டிஜிட்டல் குரல் தொடர்புக்காகவே இயங்கும் ஹாம் (அமெச்சூர்) வானொலிக் கழகம் ஒன்றில் சேர்ந்து, கைக்கருவியையும் வாங்கிவிட்ட ஒருவரைத் தொடக்கத்தில் சோர்வடையச் செய்வது பெரும்பாலும் கருவியின் பழுதன்று, அதன் மௌனம். எஃப்எம் முறையில் அலைவரிசை சற்று விலகியிருந்தாலும் கரகரப்புக்கு நடுவே ஏதேனும் ஒரு குரல் காதில் விழும். டிஜிட்டல் முறையிலோ பொருத்த வேண்டிய எண்களில் ஒன்று தவறினாலும் எதுவுமே கேட்காது. ஆகவே பேசுவதற்கு முன் கேட்க வழி செய்துகொள்வது, நெட் என்னும், கழகத்தினர் குறித்த நேரத்தில் ஒருவர் நடத்த ஒன்றுகூடிப் பேசும் வானொலிச் சந்திப்பில் நுழைவதற்கு முன் தன் குரலைத் தானே கேட்டுப் பார்ப்பது என்ற வரிசையில் இந்த விளக்கத்தை அமைத்திருக்கிறேன்.

முதலில், கழகம் எந்த முறையில் பேசுகிறது என்று கேட்டறியுங்கள். சிஸ்டம் ஃபியூஷன், டிஎம்ஆர் (டிஜிட்டல் மொபைல் ரேடியோ), எம்17, ஜப்பானின் அமெச்சூர் வானொலிச் சங்கம் உருவாக்கிய டி-ஸ்டார் ஆகிய முறைகளில் ஒன்றின் பேச்சை மற்றொன்றுக்கான கருவி நேரடியாகப் புரிந்துகொள்ளாது. திறந்த குரல் குறியாக்கியான கோடெக் 2-ஐக் கொண்டு இயங்கும் எம்17, தானே செய்து பார்க்கும் ஹாம் மரபுக்கு மிகவும் நெருக்கமானது என்பது என் கருத்து. ஆயினும் தொடங்குபவருக்கு வேண்டியது உடனிருந்து திருத்தித் தரக்கூடிய உறுப்பினர்கள் என்பதால், கழகத்தில் பலர் பயன்படுத்தும் முறையையே நீங்களும் தேர்ந்தெடுங்கள். இங்கே டிஎம்ஆரை எடுத்துக்கொள்கிறேன். இத்தர வரையறை 2005-இல் ஐரோப்பாவில் வெளியிடப்பட்டது, கருவிகளும் பல நிறுவனங்களிடம் கிடைக்கின்றன.

உள்ளே என்ன நடக்கிறது?

மைக்கில் விழும் குரலை வோகோடர் என்னும் பகுதி, நொடிக்கு ஏறத்தாழ 2,450 பிட்டுகளாகச் சுருக்குகிறது. வழியில் சிதையும் பிட்டுகளைத் திருத்துவதற்காக மேலும் 1,150 பிட்டுகள் சேர்க்கப்படுகின்றன. இதனால்தான் எல்லைப்பகுதி வரை குரல் தெளிவாகவே வந்து, திருத்தும் திறனைப் பிழைகள் விஞ்சும் இடத்தில் திடீரெனச் சிதறி அறுந்துவிடுகிறது. மேலும், 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தடத்தை டிஎம்ஆர் தலா 30 மில்லிநொடி கொண்ட இரண்டு டைம்ஸ்லாட்டுகளாகப் பிரிப்பதால், குரலை வாங்கி மீண்டும் வலுவாக ஒலிபரப்பும் ரிப்பீட்டர் ஒன்றிலேயே இரண்டு உரையாடல்கள் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

அடையாள எண்ணும் இணைப்பு வழியும்

உங்கள் நாட்டின் அமெச்சூர் உரிமமும் அழைப்புக்குறியும் கையில் இருந்த பிறகே ஒலிபரப்ப வேண்டும். அடுத்து, ரேடியோஐடி என்ற பதிவகத்தில் உரிமத்தின் நகலைக் காட்டி ஏழு இலக்க டிஎம்ஆர் எண்ணைப் பெறுங்கள். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கின்றன. ஒருவரிடம் பல கைக்கருவிகள் இருந்தாலும் ஒரே எண் போதும்.

கழகத்தின் ரிப்பீட்டர் உங்களுக்கு எட்டுமானால் அதன் இரு அலைவரிசைகள், கலர் கோடு என்னும் பொருத்த எண், எந்த டைம்ஸ்லாட்டில் எந்த டாக்குரூப் (எண்ணால் குறிக்கப்படும் பேச்சுக் குழு) ஓடுகிறது ஆகிய விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எட்டாவிட்டால், ராஸ்பெரி பை கணினியின் மேல் டிஜிட்டல் குரல் முறைகளைக் கையாளும் எம்எம்டிவிஎம் மோடம் பலகையைப் பொருத்தி, பை-ஸ்டார் போன்ற மென்பொருளை ஏற்றிய சிறு ஹாட்ஸ்பாட் உதவும். சில மில்லிவாட்டுகளே வெளியிடும் இக்கருவி, உங்கள் குரலை இணையம் வழியாகப் பிராண்ட்மைஸ்டர் போன்ற வலையமைப்பில் சேர்க்கிறது. அந்த வலையமைப்பின் தளத்தில் ஹாட்ஸ்பாட்டுக்கான கடவுச்சொல்லை அமைத்து, அதையே மென்பொருளிலும் இட வேண்டும். ஆற்றல் குறைவுதானே என்று எந்த அலைவரிசையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கு உரியது, அங்கே நெடுந்தொலைவிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞைகளைக் கேட்க ஒருவர் காத்திருக்கக்கூடும்.

கோட்பிளக் எழுதுதல்

புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுவே, ஆதலால் இதற்கு ஒரு மாலைப்பொழுதை முழுமையாக ஒதுக்குங்கள். கோட்பிளக் என்பது கருவியின் எல்லா அமைப்புகளையும் கொண்ட கோப்பு. எதையும் மாற்றுவதற்கு முன் கருவியில் இருப்பதைக் கணினியில் படித்தெடுத்து, வேறு பெயரில் சேமித்து வையுங்கள். பிறர் தரும் நூற்றுக்கணக்கான சேனல்கள் நிறைந்த கோப்பை அப்படியே ஏற்றிக்கொள்வதைவிட, மூன்றே சேனல்களை நீங்களே எழுதுவது நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அப்போதுதான் பிழை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் உங்கள் டிஎம்ஆர் எண்ணை இடுங்கள். பிறகு தொடர்புகள் பட்டியலில் கழகத்தின் டாக்குரூப் எண்ணைச் சேர்த்து, அதன் வகையைக் குழு அழைப்பு என்று தேர்ந்தெடுங்கள். நான் முதன்முதலில் நெட்டில் கலந்துகொண்ட நாளில் இந்த வகையைத் தனி அழைப்பு என்று விட்டிருந்தேன். நெட்டை நடத்தியவர் என் அழைப்புக்குறியை மூன்று முறை கூப்பிட்டார், நான் மூன்று முறையும் பதில் சொன்னேன், ஒன்றும் யாரையும் சென்றடையவில்லை.

அதன் பின் சேனலை உருவாக்குங்கள். ரிப்பீட்டராயின் கேட்கும் அலைவரிசையும் ஒலிபரப்பும் அலைவரிசையும் வேறுபடும். பொதுவான ஒற்றை அலைவரிசை ஹாட்ஸ்பாட்டாயின் இரண்டும் ஒன்றே, டைம்ஸ்லாட் 2, கலர் கோடு பெரும்பாலும் 1. கலர் கோடு 0 முதல் 15 வரையிலான எண். அது இரு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் அலைவரிசை சரியாக இருந்தும் ரிப்பீட்டரோ ஹாட்ஸ்பாட்டோ உங்களைப் பொருட்படுத்தாது. ஒவ்வொரு சேனலுக்கும் கேட்கும் குழுப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் டாக்குரூப் இடம்பெறாவிட்டால், கருவியின் விளக்கு எரியும், குரல் மட்டும் வராது. அந்த நேரத்தில், பட்டியலில் இல்லாத குழுக்களையும் கேட்கவிடும் டிஜிட்டல் மானிட்டர் வசதியை இயக்கிப் பாருங்கள். குரல் உடனே கேட்டால் குறை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. இறுதியாகச் சேனலை ஒரு ஸோனில் (சேனல்களின் தொகுப்பில்) சேர்த்தால்தான் அது திரையில் தோன்றும்.

மறைகுறியாக்க வசதியை முடக்கியே வைத்திருங்கள். வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்களுக்கு இடையிலான பேச்சைப் பொருள் மறையும்படி குறியாக்கம் செய்யக் கூடாது என்று சர்வதேச வானொலி விதிகள் கூறுகின்றன.

தன் குரலைத் தானே கேட்டல்

பிராண்ட்மைஸ்டரில் 9990 என்ற எண்ணுக்குத் தனி அழைப்பு விடுத்துச் சில நொடிகள் பேசினால், கிளிப்பிள்ளை போல உங்கள் குரலையே அது திருப்பிச் சொல்லும். பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தியவுடன் பேசாமல் ஒரு நொடி பொறுத்துத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் முதல் எழுத்துகள் விழுங்கப்படும். மைக்கை வாயிலிருந்து நான்கைந்து விரற்கடை தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். வோகோடர் மனிதக் குரலுக்கென்றே வடிவமைக்கப்பட்டதால், பின்னால் ஓடும் மின்விசிறியின் இரைச்சலும் மூச்சுக்காற்றும் சொற்களைக் குலைத்துவிடும். ஹாட்ஸ்பாட்டின் திரையில் பிட் பிழை விகிதமும் தெரியும். அது 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நன்று. கருவி அருகிலேயே இருந்தும் மிகுதியாக இருந்தால், ஹாட்ஸ்பாட்டின் ஆஃப்செட் என்னும் அலைவரிசைத் திருத்த அளவைச் சிறுகச் சிறுக மாற்றி மீண்டும் சோதியுங்கள்.

நெட்டில் கலந்துகொள்ளுதல்

கழகத்தின் நெட் தொடங்குவதற்கு முன்பே டாக்குரூப்பில் இருந்து கேட்டுக்கொண்டிருங்கள். நெட்டை நடத்துபவர் புதிய நிலையங்களை அழைக்கும்போது அழைப்புக்குறியை (ஆல்ஃபா, பிராவோ போன்ற) ஒலிப்பெழுத்துகளில் நிதானமாகச் சொல்லி, பெயரைச் சேர்த்து, பொத்தானை விட்டுவிடுங்கள். ஒருவர் முடித்ததும் இரண்டு மூன்று நொடி இடைவெளி விட்ட பிறகே அடுத்தவர் பேச வேண்டும். இணையவழி வரும் குரலுக்குத் தாமதம் உண்டு, இடையில் நுழைய விரும்புபவருக்கும் வேறு வாய்ப்பு இல்லை. முதல் முறை பேசுவதாகத் தயங்காமல் சொல்லுங்கள், குரலின் தரம் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். வெட்டுகிறது, மெல்லியதாக இருக்கிறது, சத்தம் மிகுதி என்று உறுப்பினர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அடுத்த நெட்டுக்குள் ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிச் சோதியுங்கள்.

விடைபெறும்போதும் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். பொது ரிப்பீட்டரில் இருந்துகொண்டு தொலைவான டாக்குரூப் ஒன்றை நீங்கள் தற்காலிகமாக இழுத்து வந்திருந்தால், 4000 என்ற எண்ணை அழைத்து அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு அந்த டைம்ஸ்லாட்டை அங்குள்ள மற்றவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.