நெட் கட், லைவ் கட்னு உத்தரவு வந்தா எப்படி எடை போடுறது?

தடைன்னு அறிவிப்பு வந்ததும் ஒரு கூட்டம் கருத்து சுதந்திரம் போச்சுன்னு கத்தும், இன்னொரு கூட்டம் நாட்டுப் பாதுகாப்புதான் முக்கியம்னு மல்லுக்கு நிக்கும், ரெண்டு பேருமே உத்தரவ படிச்சிருக்க மாட்டாங்க.

மொதல்ல, இந்தத் தகவல் வெளிய போனா யாருக்கு என்ன ஆபத்துன்னு ஒரே வரில சொல்ல முடியுதான்னு பாருங்க. 2008 மும்பை தீவிரவாதத் தாக்குதல்ல, தீவிரவாதிங்க புகுந்திருந்த நரிமன் ஹவுஸ் மொட்டை மாடில கமாண்டோக்கள் ஹெலிகாப்டர்ல இருந்து இறங்குனத சேனல்கள் லைவா காட்டுச்சு, உள்ள இருந்த தீவிரவாதிங்களுக்கு போன்ல வழி சொல்லிட்டு இருந்த பாகிஸ்தான் ஆளுங்களும் அதே டிவியத்தான் பாத்துட்டு இருந்தாங்க. அந்தத் தாக்குதல்ல உயிரோட பிடிபட்ட கசாப் வழக்குல 2012ல சுப்ரீம் கோர்ட்டே சேனல்கள வறுத்தெடுத்துச்சு. 2015ல கேபிள் டிவி விதிய திருத்துனாங்க, தீவிரவாதிங்களுக்கு எதிரான ஆபரேஷன் முடியுற வரைக்கும் லைவ் கிடையாது, அரசு நியமிச்ச அதிகாரி அப்பப்போ சொல்றத மட்டும் போடலாம். எனக்கு இது நியாயமாத்தான் படுது, ஏன்னா ஆபரேஷன் முடிஞ்சா தடையும் முடிஞ்சிடும், அப்புறம் எவ்ளோ வேணா கிழிக்கலாம்.

அடுத்தது எந்த ஊரு, எத்தனை நாளு. 2018 மே 22 தூத்துக்குடில ஸ்டெர்லைட் போராட்டத்துல போலீஸ் துப்பாக்கிச்சூடு, மறுநாள் அங்க மட்டுமில்லாம திருநெல்வேலி, கன்னியாகுமரிலயும் நெட்ட நிறுத்திட்டாங்க. சுட்டது தூத்துக்குடில, நாகர்கோவில்காரன் என்னங்க பண்ணான்? அதுவும் யாரு செத்தா, யாரு ஆஸ்பத்திரில கெடக்கான்னு சொந்தக்காரங்க தவிச்சிட்டு இருந்த நேரம். வதந்தி பரவும்னு சொல்றாங்க, சரி, ஆனா நெட் இல்லாத ஊர்ல வதந்திய மறுக்கவும் வழி இல்லையே. இந்த மாதிரி தடைய சந்தேகமாத்தான் பாக்கணும்.

கடைசியா உத்தரவுப் பேப்பர். காஷ்மீர்ல நெட்ட நிறுத்துனத எதிர்த்து பத்திரிகையாளர் அனுராதா பாசின் போட்ட வழக்குல 2020 ஜனவரி 10 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, உத்தரவ வெளியிட்டே ஆகணும், முடிவு தேதி இல்லாம நிறுத்தக் கூடாது. அதே வருஷம் நெட் நிறுத்துற விதில ஒரு உத்தரவுக்கு 15 நாள்னு உச்சவரம்பும் வந்துச்சு. அதனால காரணம், இடம், தேதி மூணும் இருக்கான்னு தேடுங்க, வெறும் 'சட்டம் ஒழுங்கு'ன்னு ஒரு வார்த்தை மட்டும் இருந்தா அது காரணமே இல்ல. உத்தரவே கண்ணுல படலன்னா நெட் நின்ன நேரத்த குறிச்சு வைங்க, கம்பெனி அனுப்புன எஸ்எம்எஸ்ஸ அழிக்காதீங்க, கோர்ட்டுக்குப் போறவங்களுக்கு அது தேவைப்படும். 10 ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு போட்டு உத்தரவோட நகல கேளுங்க, கலெக்டர் ஆபீஸுக்கு இல்ல, மாநில உள்துறைக்கு, ஏன்னா நெட்ட நிறுத்துற அதிகாரம் உள்துறைச் செயலாளர் கையிலதான் இருக்கு.