பிரீமியத்தைப் பார்த்து மட்டும் மருத்துவக் காப்பீடு எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர், தம் தாயாருக்காகப் பதினொரு நாள்களுக்கு முன் எடுத்திருந்த மருத்துவக் காப்பீட்டு பாலிசியைக் கொண்டுவந்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அதைத் தேர்ந்தெடுப்பதற்காக எட்டுத் திட்டங்களை எக்செல்லில் ஒப்பிட்டிருந்த தாளும் கையில் இருந்தது. நிறுவனத்தின் பெயர், காப்பீட்டுத் தொகை, ஆண்டு பிரீமியம், அருகிலுள்ள நெட்வொர்க் மருத்துவமனைகள் என நான்கு பத்திகள். பிரீமியம் குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கி, முதல் வரிசைக்குப் பச்சை நிறம் பூசியிருந்தார். அறை வாடகைக்கான பத்தி எங்கே என்று கேட்டேன். "இருந்துச்சு சார், பிரின்ட் எடுக்கும்போது பக்கத்துக்குள்ள அடங்கல, எடுத்துட்டேன்" என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. 2014இல் என் தந்தைக்காக நானும் இப்படி ஓர் அட்டவணையைக் கோடு போட்ட நோட்டில் எழுதினேன். அதில் அறை வாடகைக்குப் பத்தி போட வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கவனக்குறைவின் விலை எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் முகவர் தேர்வு எழுதி இந்தத் தொழிலுக்கே வந்தேன். படிவத்தில் பொய் சொல்லாதீர்கள், புதுப்பிக்கும் தேதியை மறக்காதீர்கள் போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, திட்டங்களை ஒப்பிடும்போது படித்தவர்களே தவறவிடுகிற இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அறை வாடகை வரம்பைச் சில்லறைச் செலவாகக் கருதுவது

2017இல் என் தந்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. காப்பீட்டுத் தொகை 5 லட்சம் இருக்கிறதே என்ற தைரியத்தில் நல்ல மருத்துவமனையாகப் பார்த்துச் சேர்த்தோம். அட்மிஷன் மேசையில் இருந்த பெண், "ஐயாவுக்கு சிங்கிள் ரூம் போட்டுடலாமா, இன்சூரன்ஸ்தான் இருக்கே" என்றார். ஒரு நாள் வாடகை 8,000 ரூபாய். பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்பது எனக்குத் தெரியும். மிச்சம் 3,000 ரூபாயை நாம் கட்டினால் போயிற்று, ஆறு நாளுக்கு 18,000 தானே என்று மனக்கணக்குப் போட்டுச் சரி என்றேன்.

டிஸ்சார்ஜ் அன்று பில் 2,40,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் அனுமதித்தது 1,50,000 ரூபாய். ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்து இன்சூரன்ஸ் மேசைக்கு ஓடினேன். அங்கிருந்தவர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்து, ஐயாயிரத்தை எட்டாயிரத்தால் வகுத்துக் காட்டினார்: 0.625. வாடகை மட்டுமல்ல, அறுவை மருத்துவரின் கட்டணம், மயக்க மருந்து மருத்துவரின் கட்டணம், தியேட்டர் கட்டணம், செவிலியர் கட்டணம், மருந்து, எலும்பில் பொருத்திய இம்ப்ளான்ட் என்று பில்லின் ஒவ்வொரு வரியும் அந்த 0.625ஆல் பெருக்கப்பட்டிருந்தது. 18,000 போகும் என்று நினைத்த இடத்தில் 90,000 போனது. வரம்பு இல்லாத திட்டத்தைவிட ஆண்டுக்கு 2,300 ரூபாய் குறைவு என்றுதான் அந்த பாலிசியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். நான்கு பிரீமியங்களில் நான் மிச்சம் பிடித்தது மொத்தம் 9,200 ரூபாய்.

இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர். நிறுவனங்களின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல தனியார் மருத்துவமனைகளில் பொது வார்டு, இருவர் அறை, தனி அறை, டீலக்ஸ் என்று அறையின் தரம் ஏற ஏற, அதே மருத்துவர் அதே தியேட்டரில் செய்யும் அதே அறுவைச் சிகிச்சையின் கட்டணமும் ஏறும். 5,000 ரூபாய் அறைக்கு உரிய பிரீமியத்தை வாங்கியவர்கள், 8,000 ரூபாய் அறையின் கட்டணப் பட்டியலுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

2020இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இந்தக் கழிவுக்குக் கடிவாளம் போட்டது. மருந்து, இம்ப்ளான்ட் முதலிய கருவிகள், பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதத்தைக் கொண்டுவரக் கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில் அறவே கூடாது. என் தந்தையின் பில்லையே இன்றைய விதியில் போட்டுப் பார்த்தேன். இம்ப்ளான்ட், மருந்து, பரிசோதனை மூன்றும் சேர்ந்து 92,000 ரூபாய் முழுதாகக் கிடைக்கும், மீதி 1,00,000 ரூபாய்க்கு 62,500 வரும், வாடகைக்கு 30,000. ஆக 1,84,500. பாதிப்பு குறைந்திருக்கிறது என்றாலும், கைப்பணம் 55,500 போயே தீரும்.

இன்றும் எனக்கு எரிச்சல் ஊட்டுவது, என் தொழில்காரர்களிலேயே சிலர் "ரூம் வித்தியாசத்தை மட்டும் நீங்க கட்டினா போதும்" என்று வாய்கூசாமல் சொல்லி விற்பதுதான். வித்தியாசம் மட்டும் போதும் என்பது பாலிசியில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்; பேச்சு நெட்வொர்க் மருத்துவமனைகளின் எண்ணிக்கைக்குத் தாவிவிடும்.

வரம்பை எப்படிப் படிப்பது என்பதிலும் வழுக்கல்கள் உண்டு. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரியாக விற்கிற ஆரோக்ய சஞ்சீவனி திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரம்பு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். அந்த 5,000 என்பது அறைக்கு மட்டுமன்று, உணவுக்கும் செவிலியர் கட்டணத்துக்கும் சேர்த்து. அறை 4,500 என்று நிம்மதியாகச் சேர்ந்துவிட்டு, செவிலியர் கட்டணம் தினமும் 900 என்று தனி வரியில் வந்தால் வரம்பு தாண்டிவிடும். காப்பீட்டுத் தொகையை 10 லட்சமாக உயர்த்தினாலும் அந்த உச்சவரம்பு 5,000 ரூபாயிலேயே நிற்கும். ரூபாயில் சொல்லாமல் "தனி ஏசி அறை" என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டீலக்ஸ் அறையும் தனி அறைதான் என்று நீங்கள் நினைப்பீர்கள், நிறுவனம் அப்படி நினைக்காது. பிரீமியம் சற்றுக் கூடினாலும் வரம்பே இல்லாத திட்டத்தை எடுங்கள் என்பதுதான் என் முடிவு. அதற்கு வசதிப்படாதவர்கள், வரம்புக்குள் அடங்கும் அறையைக் கேட்டு வாங்குங்கள். அது காலியில்லை என்று மேசையில் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் அறை காலியாகிவிடுவதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

2024 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பாலிசியோடும் புதிய வடிவிலான வாடிக்கையாளர் தகவல் தாள் வர வேண்டும். நாற்பது பக்க ஆவணத்தைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள், இந்தச் சில பக்கங்களில் உள்வரம்புகள் என்ற பகுதியையாவது வாங்குவதற்கு முன்பே கேட்டுப் படித்துவிடுங்கள். மருந்திலும் பரிசோதனையிலும் விதியை மீறிக் கழித்திருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னைத் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

முதலாண்டு பிரீமியத்தை மட்டும் ஒப்பிடுவது

சில நிறுவனங்கள் வயது ஏறும் ஒவ்வோர் ஆண்டும் பிரீமியத்தைச் சிறிது உயர்த்தும். சில, ஐந்தாண்டு அடுக்காக வைத்து 45, 50, 55 என்ற படிகளில் ஒரே தாவாகத் தாவும். 44 வயதில் ஒப்பிடுகிறவருக்கு இரண்டாவது வகைதான் மலிவாகத் தெரியும். அதனால் இன்றைய பிரீமியத்தோடு, இதே திட்டத்தில் இன்றைக்கு 50, 60, 70 வயதில் இருப்பவர் எவ்வளவு கட்டுகிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். மருத்துவச் செலவு ஏறுவதால் வரும் உயர்வு இதற்கு மேல் தனி. மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஆணையத்தை முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று, பழைய விலைப்பட்டியலை வைத்து ஒப்பிடாதீர்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. வரி சேர்த்த பழைய தொகையையும் வரி இல்லாத புதிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அந்தத் திட்டம் கொள்ளை, இந்தத் திட்டம் மலிவு என்று ஒருவர் என்னிடம் அரைமணி நேரம் வாதாடினார்.

கோ-பே

ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை நாமே கட்டுவதுதான் கோ-பே. அந்தப் பங்கு 20 சதவீதம் என்பது 4 லட்சம் பில்லில் 80,000 ரூபாய். பிரீமியக் குறைவை இந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள், வேறு எதனோடும் அல்ல.

பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே ஃப்ளோட்டரில் போடுவது

ஒரே காப்பீட்டுத் தொகையைக் குடும்பம் முழுதும் பகிர்ந்துகொள்ளும் பாலிசிதான் ஃப்ளோட்டர். அதன் பிரீமியம் பெரும்பாலும் குடும்பத்தின் மூத்தவரின் வயதை வைத்துக் கணக்கிடப்படும். 66 வயதுத் தந்தையைச் சேர்த்தால் 35 வயது மகனும் மூத்தவர் அடுக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறார். தந்தைக்கு ஓர் இதய அறுவைச் சிகிச்சை நடந்தால் அந்த ஆண்டு மற்றவர்களுக்கு மிஞ்சுவதும் சொற்பம். எல்லாருக்கும் ஒரே ஃப்ளோட்டர் என்று ஒரு விதமாகவும், பெற்றோருக்குத் தனித்தனி பாலிசி, கணவன் மனைவி பிள்ளைகளுக்கு ஒரு ஃப்ளோட்டர் என்று இன்னொரு விதமாகவும் விலை கேட்டுப் பாருங்கள்.

காத்திருப்புக் காலத்தை ஒரே எண்ணாகப் படிப்பது

அட்டவணையில் "காத்திருப்பு: 3 ஆண்டு" என்று ஒரே ஒரு கட்டம் போடுகிறார்கள். உண்மையில் மூன்று காத்திருப்புகள் இருக்கின்றன. விபத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முதல் 30 நாள்கள்; கண்புரை, குடலிறக்கம், மூலம், மூட்டு மாற்று போன்ற பட்டியலிட்ட நோய்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள்; ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். கடைசியில் சொன்னது முன்பு நான்காண்டாக இருந்து 2024 ஏப்ரலில் குறைந்தது. சர்க்கரையே இல்லாத என் வாடிக்கையாளர் ஒருவர், தமக்கு எந்தக் காத்திருப்பும் இல்லை என்று நம்பி எட்டாம் மாதத்தில் கண்புரைக்குத் தேதி குறித்துவிட்டு வந்தார்.

தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால் தகவலை மறைத்ததைக் காரணம் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது என்று சிலர் நோயை மறைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம் என்ற விதிவிலக்கை அவர்கள் சொல்வதில்லை.

செட்டில்மென்ட் விகிதம்

நூற்றுக்கு 98 கோரிக்கைகளைத் தீர்த்தோம் என்பது எண்ணிக்கை. கேட்டதில் எத்தனை ரூபாய் கொடுத்தார்கள் என்பது அதில் இல்லை. 90,000 ரூபாய் வெட்டிக் கொடுத்த என் தந்தையின் கோரிக்கையும் அந்த நிறுவனத்தின் கணக்கில் தீர்க்கப்பட்ட கோரிக்கைதான்.

டாப்-அப்பையும் சூப்பர் டாப்-அப்பையும் ஒன்றாக நினைப்பது

இரண்டுமே ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் செலவுக்கு மட்டும் பணம் தரும் கூடுதல் பாலிசிகள்; அந்தத் தொகைக்குக் கழிவுத்தொகை என்று பெயர். அது 5 லட்சம் என்று கொள்வோம். ஓராண்டில் இரண்டு முறை தலா 4 லட்சம் செலவானால், ஒவ்வொரு பில்லும் 5 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் டாப்-அப்பில் ஒரு பைசா வராது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தமான 8 லட்சத்தைப் பார்த்து 3 லட்சம் தரும்.

அலுவலகப் பாலிசியே போதும் என்று இருப்பது

வேலை போகும் நாளில் அதுவும் போகும்.

வரிச்சலுகைக்காக எடுப்பது

மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு வருமான வரியில் கிடைக்கும், 80டி என்று அறியப்படும் கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறைக்கு மாறியவர்கள் அந்தப் பத்தியை அழித்துவிடலாம்.

ஃப்ரீ லுக் என்ற பரிசீலனைக் காலத்தைப் பயன்படுத்தாமல் விடுவது

பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாதுகாப்பு இருந்த நாள்களுக்கான பிரீமியம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதி திரும்பும். அந்த இளைஞரின் பச்சை வரிசைப் பாலிசியில் அறை வாடகை 1 சதவீதம், கோ-பே 20 சதவீதம். தாயாரைச் சேர்ப்பதாக அவர் சொன்ன மருத்துவமனையில் இருவர் அறையே 4,800 ரூபாய். முதலில் புதிய திட்டத்துக்கு விண்ணப்பித்து, அது உறுதியாகிக் கைக்கு வந்த பிறகுதான் பழையதை ரத்து செய்யச் சொன்னேன். இரண்டையும் மாற்றிச் செய்தால் நடுவில் ஒரு பாதுகாப்பும் இல்லாத நாள்கள் வந்துவிடும். புதிய பாலிசி இருபத்து நான்காம் நாள் வந்தது, அன்று மாலையே ரத்துக் கடிதம் போனது. பிரீமியம் ஆண்டுக்கு 3,400 ரூபாய் கூடுதல். அட்டவணையில் இருந்த பச்சை நிறத்தை ஆறாவது வரிசைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்.