டிஸ்னி டைம்ஷேர் புள்ளிகள்: மறுவிற்பனையில் விலையைக் குறைத்துக் கேட்பது எப்படி?

டைம்ஷேர் என்பது விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் தங்கும் உரிமையை முன்கூட்டியே வாங்குவது; டிஸ்னியில் அந்த உரிமை புள்ளிகளாகக் கணக்கிடப்படுகிறது, அவற்றை ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து வாங்குவதே மறுவிற்பனை. ஒரு புள்ளிக்கு 100 டாலர் என்று விலை சொல்பவரிடம் 72 டாலருக்குத் தருவீர்களா என்று கேட்க, முதல் முறை வாங்குபவர் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அந்த 72 எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரிந்திருந்தால் கூச்சம் பாதி குறைந்துவிடும். தெரியாமல் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னால், விற்பவர் மறுத்தாலும் தடுமாறுவீர்கள், உடனே ஒப்புக்கொண்டாலும் தடுமாறுவீர்கள். எனவே இந்த விளக்கத்தில் பேரம் பேசும் சாமர்த்தியத்தை விட, பேரத்துக்கு முன்னால் போட வேண்டிய கணக்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய டிஸ்னி வெக்கேஷன் கிளப், அதாவது டி.வி.சி. வேறு பல டைம்ஷேர் அமைப்புகளில், ஆண்டுக் கட்டணத்திலிருந்து (பராமரிப்புக்காக ஒவ்வோர் ஆண்டும் உரிமையாளர் கட்டுவது) தப்பித்தால் போதும் என்று உரிமையாளர்கள் புள்ளிகளை ஏறக்குறைய இலவசமாகவே கைமாற்றிவிடுகிறார்கள். அங்கே பேரம் பேச அதிகம் மிஞ்சுவதில்லை. டி.வி.சி. புள்ளிகளுக்கு மறுவிற்பனையிலும் விலை நிற்கிறது. அதனால்தான் குறைத்துக் கேட்பதற்கும் ஒரு முறை தேவைப்படுகிறது. கீழே வரும் டாலர் கணக்குகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அன்றைய சந்தை விலையை அவற்றின் இடத்தில் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் படி: என்ன வாங்குகிறோம் என்பதைப் படித்தறிதல்

விற்பனைப் பட்டியலில் ஒரு வரியில் நான்கைந்து விவரங்கள் இருக்கும்: ஹோம் ரிசார்ட் (உரிமை எந்த விடுதிக்கு உரியதோ அது), ஆண்டுக்கு எத்தனை புள்ளிகள், பயன்பாட்டு ஆண்டு தொடங்கும் மாதம் (அந்த ஆண்டின் புள்ளிகள் கைக்கு வரும் மாதம்), இப்போது கையிருப்பில் உள்ள புள்ளிகள், கேட்கும் விலை. புதியவர்களின் கண் நேராக விலைக்குப் போகிறது. விலையைப் பார்ப்பதற்கு முன் ஒப்பந்தம் முடியும் ஆண்டைப் பாருங்கள். போர்டுவாக், பீச் கிளப் போன்ற பழைய ரிசார்ட்டுகளின் ஒப்பந்தங்கள் 2042 ஜனவரி இறுதியில் முடிகின்றன. சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054 வரையிலும், அனிமல் கிங்டம் வில்லாக்கள் 2057 வரையிலும், ரிவியேரா 2070 வரையிலும் நீடிக்கின்றன. முடிவு நாளுக்குப் பிறகு உங்கள் கையில் எதுவும் இருக்காது. ஆகவே இது வீடு வாங்குவதைப் போன்றதன்று; பல ஆண்டு விடுமுறை வாடகையை முன்கூட்டியே கட்டிவிடுவதைப் போன்றது.

இன்னொரு கட்டுப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி 19 முதல் மறுவிற்பனையில் வாங்கப்படும் ரிவியேராவுக்கு முந்தைய 14 ரிசார்ட்டுகளின் புள்ளிகளைக் கொண்டு ரிவியேராவிலோ அதற்குப் பின் வந்தவற்றிலோ தங்க முடியாது. மறுவிற்பனையில் வாங்கிய ரிவியேரா புள்ளிகள் ரிவியேராவில் மட்டுமே செல்லும். நீங்கள் ரிவியேராவில் மட்டும்தான் தங்கப்போகிறீர்கள் என்றாலும் இது உங்களைப் பாதிக்கும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்க வருபவருக்கும் இதே கட்டுப்பாடு இருக்கும். உங்கள் விலைக் கணக்கில் அவரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: உச்சவரம்பைக் கணக்கிடுதல்

இதுதான் இந்த வேலையின் மையம். டி.வி.சி. உரிமையாளர்கள் தங்கள் புள்ளிகளை வாடகைக்கும் விடுகிறார்கள். எனவே ஒரு புள்ளியை அந்த ஆண்டுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்க எவ்வளவு ஆகும் என்பதே உங்கள் அளவுகோல். அது 16 டாலர் என்றும், ஒரு புள்ளிக்கு உரிமையாளர் கட்டும் ஆண்டுக் கட்டணம் 9 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் உரிமையாளராக இருப்பதால் ஆண்டொன்றுக்கு ஒரு புள்ளியில் மிச்சமாவது 7 டாலர். 2042-இல் முடியும் 160 புள்ளி ஒப்பந்தம் ஒன்றை 2026 தொடக்கத்தில் வாங்கினால் 16 ஆண்டுகளின் புள்ளிகள் கிடைக்கும். 7-ஐ 16-ஆல் பெருக்க 112 வருகிறது.

கேட்பது 100, மதிப்பு 112 என்று இந்த இடத்திலேயே மகிழ்ந்து கையெழுத்திடுபவர்கள் உண்டு. அந்த 112 என்பது எல்லாம் நல்லபடியாக நடந்தால் மட்டுமே கைக்கு வரும் தொகை. ஆண்டுக் கட்டணம் வாடகையை விட வேகமாக உயரலாம். நடுவே சில ஆண்டுகள் நீங்கள் பயணமே போகாமல் இருக்கலாம். இன்று கொடுக்கும் பணத்துக்கு வட்டி இழப்பும் உண்டு. சந்தை எப்படிப் போகும் என்று தெரியாத காலத்தில் நான் குறைந்தது கால் பங்கைக் கழித்துவிடுவேன். 112-இல் கால் பங்கு போனால் 84. பதிவுக்கும் உரிமை மாற்றத்துக்கும் ஆகும் செலவு 650 டாலர் என்றால், அதை 160 புள்ளிகளுக்குப் பகிர்ந்தால் புள்ளிக்கு ஏறக்குறைய 4 டாலர் ஆகும். அதையும் கழித்தால் மிஞ்சுவது 80. இதுவே உச்சவரம்பு. ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள், ஏனென்றால் பேரம் சூடுபிடித்த பிறகு இந்த எண் தானாக ஏறத் தொடங்கும்.

இதே 650 டாலர் செலவு 50 புள்ளி ஒப்பந்தத்தில் புள்ளிக்கு 13 டாலராகிவிடும். சிறிய ஒப்பந்தங்களுக்குப் போட்டியும் அதிகம் என்பதால், அவற்றில் குறைத்துக் கேட்டு வெற்றி பெறுவது கடினம். குறைத்துக் கேட்கப் பழகுபவர் பெரிய ஒப்பந்தங்களில் தொடங்குவதே நல்லது. அதற்காகத் தேவைக்கு மேல் அகலக்கால் வைக்கவும் கூடாது.

மூன்றாம் படி: கையிருப்புப் புள்ளிகளுக்கு விலை வைத்தல்

நான் முதன்முதலில் சறுக்கியது இங்கேதான். விலை குறைவு என்று ஓர் ஒப்பந்தத்துக்குப் பாய்ந்து விலை சொன்னேன். அந்த ஆண்டின் புள்ளிகள் முழுவதையும் விற்பவர் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார் என்பது பட்டியலிலேயே எழுதியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஓர் ஆண்டின் புள்ளிகள் போய்விட்டால் மேலே சொன்ன கணக்கில் 16 என்பது 15 ஆகிறது. 7-ஐ 15-ஆல் பெருக்க 105, கால் பங்கு போனால் ஏறக்குறைய 79, செலவு 4 போனால் 75. அதாவது உச்சவரம்பு புள்ளிக்கு 5 டாலர் இறங்குகிறது. பயன்படுத்தித் தீர்த்த புள்ளிகளின் ஆண்டுக் கட்டணத்தையும் வாங்குபவர் தலையில் கட்டும் ஒப்பந்தமாக இருந்தால், இன்னும் 9 டாலர் இறங்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பயன்பாட்டு ஆண்டு தொடங்கிய முதல் 8 மாதங்களுக்குள் மட்டுமே அந்த ஆண்டின் புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்க முடியும். ஒருமுறை சேமித்த புள்ளிகளை மீண்டும் சேமிக்க இயலாது. பட்டியலில் ‘ஏராளமான புள்ளிகள்’ என்று பெருமையாகக் காட்டப்படுபவற்றில் ஒரு பகுதி, உரிமை உங்கள் பெயருக்கு மாறி ஓரிரு மாதங்களில் காலாவதியாகக்கூடியவையாக இருக்கும். நீங்கள் பயன்படுத்த முடியாத புள்ளிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: விற்பவரின் நிலையை அறிதல்

வால்ட் டிஸ்னி வேர்ல்டில் உள்ள டி.வி.சி. உரிமைகள் பத்திரப் பதிவு செய்யப்படுபவை. ஃபுளோரிடாவின் ஆரஞ்சு கவுன்ட்டி கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஃபுளோரிடாவில் பத்திரத்துக்கான முத்திரை வரி ஒவ்வொரு 100 டாலருக்கும் 70 சென்ட். விற்பவர் வாங்கியபோது பதிவான பத்திரத்தில் வரி 89.60 டாலர் என்று இருந்தால், அதை 0.70-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 12,800 டாலர். 160 புள்ளிகளுக்கு அது புள்ளிக்கு 80 டாலர். இன்று 100 கேட்பவர் அன்று 80 கொடுத்து வாங்கி, இத்தனை ஆண்டுகள் அனுபவித்தும் இருக்கிறார். இது தெரிந்தபின் 72 என்று சொல்ல அவ்வளவு தயக்கம் இருக்காது.

அதே பதிவேட்டில் அடமானக் கடன் இருக்கிறதா, அது தீர்ந்ததற்கான பதிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 160 புள்ளிகளை 72 வீதம் கேட்டால் மொத்தம் 11,520 டாலர். அதில் முகவர் கமிஷனும் போக வேண்டும். விற்பவருக்கு இன்னும் 12,000 டாலர் கடன் பாக்கி என்றால், உங்கள் விலையை ஏற்பதற்கு அவர் தன் கையிலிருந்து பணம் போட வேண்டியிருக்கும். அவருக்கு மனம் இருந்தாலும் வழி இருக்காது. அங்கே நேரத்தைச் செலவிடாதீர்கள். கடன் இல்லாதவர், பல வாரங்களாக விலை போகாமல் பட்டியலில் கிடப்பவர், ஆண்டுத் தொடக்கத்தில் கட்டணச் சீட்டு வந்த கையோடு விற்க முடிவெடுத்தவர் ஆகியோரே குறைந்த விலையைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

நிச்சயமற்ற காலம் எல்லா விற்பவர்களையும் ஒரே மாதிரி அசைப்பதில்லை. 2020 மார்ச் நடுவில் ஃபுளோரிடா பூங்காக்கள் மூடப்பட்டு ஜூலை 11-இல்தான் மீண்டும் திறக்கத் தொடங்கின. அந்த இடைக்காலத்தின் பெரும்பகுதியில் தங்க வழியில்லை, கட்டணப் பொறுப்போ அப்படியே இருந்தது. அத்தகைய நேரத்தில் பணம் தேவைப்படுபவர் விற்கப் பார்க்கிறார், தேவைப்படாதவர் பட்டியலிலிருந்து விலகிக் காத்திருக்கிறார். பட்டியல் விலை இவர்களைப் பிரித்துக் காட்டாது. நீங்கள் அனுப்பும் விலைக்கு வரும் பதில்தான் காட்டும்.

ஐந்தாம் படி: விலையை எழுதி அனுப்புதல்

உச்சவரம்பு 80 என்றால் 72-இல் தொடங்குவது நியாயமானது. 50-இல் தொடங்கினால் முகவரே உங்களைப் பொருட்படுத்த மாட்டார், அடுத்த நல்ல ஒப்பந்தம் வரும்போது உங்களை அழைக்கவும் மாட்டார். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: புள்ளிக்கு என்ன விலை, மொத்தம் எவ்வளவு, பதிவுச் செலவு யாருடையது, நடப்பு ஆண்டுக் கட்டணம் யாருடையது, பணம் ரொக்கமா கடனா, விலை எந்த நாள் வரை செல்லும். மூன்று நாள் கெடு போதும். ரிசார்ட்டைக் குறை சொல்லி விலையை இறக்க முயலாதீர்கள். விற்பவரின் பிள்ளைகள் அங்கே வளர்ந்திருக்கலாம், அதைக் கேட்டபின் அவர் எந்த விலைக்கும் இறங்க மாட்டார்.

பதிலுக்கு 92 என்று வந்தால், 76-க்குப் போங்கள், அடுத்து 78. ஏறும் அளவு ஒவ்வொரு முறையும் சுருங்குவது, எல்லை நெருங்குகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே உணர்த்தும். விலை நகராவிட்டால் ஆண்டுக் கட்டணத்தை அவர் ஏற்பாரா என்று கேளுங்கள். ‘விலையைக் குறைத்துவிட்டேன்’ என்று நினைப்பதை விட ‘கட்டணத்தை நான் கட்டிவிட்டேன்’ என்று நினைப்பது பலருக்கு எளிதாக இருக்கிறது, கணக்கில் இரண்டும் ஒன்றே என்றாலும். 80-ஐத் தாண்ட வேண்டியிருந்தால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். சில வாரங்கள் கழித்து அதே முகவர் திரும்ப அழைத்ததும் உண்டு.

ஆறாம் படி: டிஸ்னியின் முன்னுரிமையைத் தாண்டுதல்

விற்பவர் ஒப்புக்கொண்டாலும் வேலை முடியவில்லை. அதே விலைக்கு, அதே நிபந்தனைகளுக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை டிஸ்னிக்கு உண்டு, ஆர்.ஓ.எஃப்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம். மிகக் குறைந்த விலையில் முடிந்த ஒப்பந்தம் அவர்கள் கையில் போகும் வாய்ப்பு அதிகம், எந்த ரிசார்ட்டை எப்போது எடுப்பார்கள் என்பதை முன்கூட்டி அறிவிப்பதும் இல்லை. எடுத்துக்கொண்டால் உங்கள் முன்பணம் திரும்ப வரும். போவது ஒரு மாதக் காலம் மட்டுமே. இதற்குப் பயந்து விலையை நீங்களே ஏற்றிக் கொடுப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

அந்த ஒரு மாதம் சும்மா இருக்கும் மாதமன்று. சேமிப்புக் கெடு அதற்குள் வருகிறதா என்று பார்த்து, வருமானால் விற்பவர் உரிய நாளுக்குள் புள்ளிகளைச் சேமித்துவிட வேண்டும் என்ற வரியைக் கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தில் சேர்த்திருக்க வேண்டும். ஹோம் ரிசார்ட்டை 11 மாதங்களுக்கு முன்பும் மற்றவற்றை 7 மாதங்களுக்கு முன்பும் பதிவு செய்யலாம் என்பதால், உரிமை மாற்றம் முடியும் முன் எந்தப் பயணத்தையும் இந்தப் புள்ளிகளை நம்பித் திட்டமிடாதீர்கள்.

டிஸ்னி தன் உரிமையை விட்டுக்கொடுத்ததும், பதிவை நடத்தும் நிறுவனம் பணம் அனுப்பச் சொல்லும். வங்கிக் கணக்கு விவரம் மின்னஞ்சலில் வந்தால், அந்த அஞ்சலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தேடி எடுத்த எண்ணில் அழைத்துச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். பத்திரம் பதிவாகி உங்கள் உறுப்பினர் கணக்கு திறந்த அன்றே, நடப்பு ஆண்டு, சேமித்தவை, அடுத்த ஆண்டு என மூன்று வரிகளிலும் உள்ள புள்ளிகளை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அன்றே முகவருக்கு எழுதுங்கள்.