பரோடிட் அறுவைக்குப் பின் காது மரத்துப்போனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதுக்கு முன்னும் கீழுமாகத் தாடையோரம் இருப்பது பரோடிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பி. அதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனாலும் வளர்ந்துகொண்டே போகும், சில பின்னாளில் புற்றாகவும் மாறும் என்பதால் எடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தெரியும், தோடு போடும் இடம் தொட்டால் தெரியாமல் மரத்துக் கிடப்பது.

உடனே முகநரம்பு போய்விட்டது என்று பதற வேண்டாம். முகநரம்பு பழுதானால் கண் சரியாக மூடாது, வாய் கோணும். மரத்துப்போவது வேறு நரம்பால். கழுத்தின் 2, 3ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து கிளம்பிக் காதின் கீழ்ப்பகுதிக்கும் தாடைக் கோணத்துத் தோலுக்கும் தொடு உணர்ச்சி தரும் நரம்பு அது. சுரப்பிக்குப் போகும் வழியிலேயே கிடப்பதால் அதன் முன்கிளையைப் பல நேரம் வெட்டித்தான் ஆக வேண்டும். பின்கிளையைக் காப்பாற்ற முடிந்தால் உணர்ச்சி ஓரளவு மிஞ்சும். முடியுமா என்று கேட்காமலே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

'வெறும் உணர்ச்சி நரம்புதானே' என்று சில மருத்துவர்கள் கடந்துபோவதும் சரியல்ல. மரத்த பரப்பு ஓராண்டுக்குள் பெரும்பாலும் சுருங்கும், அன்றாட வாழ்க்கை பெரிதாகக் கெடுவதில்லை என்பது உண்மைதான். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி பாதி நிம்மதியாகிவிடுவார்.

நிஜமான ஆபத்து சூட்டில் இருக்கிறது. வீக்கம் வடியட்டும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள், பாட்டி தைலம் தேய்ப்பார். மரத்த தோல் சுடுகிறது என்று சொல்லாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். முடி உலர்த்தும் கருவியும் அப்படியே. கம்மலின் திருகாணியை இறுக்கிவிட்டால் புண்ணாகும்வரை வலிக்காது. அதனால் கொஞ்ச நாளைக்குக் கனமான ஜிமிக்கி வேண்டாம். தோட்டோடு தூங்கவும் வேண்டாம். ஆண்கள் கண்ணாடி பார்க்காமல் தாடையோரம் சவரம் செய்யக் கூடாது. பிளேடைவிட மின்சார ரேசர் நல்லது.

சில மாதங்களில் எறும்பு ஊர்வதுபோல, ஊசி குத்துவதுபோல இருக்கும். பெரும்பாலும் உணர்ச்சி திரும்புவதன் அறிகுறி அது, சொறியாமல் விடுங்கள். இதற்காகக் கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை வாங்கி விழுங்குவதில் பயனில்லை. வெட்டுப்பட்ட நரம்பை மாத்திரை ஒட்டாது.

சாப்பிடும்போது அந்தக் கன்னம் மட்டும் வியர்த்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அது ஃப்ரே நோய்க்குறி. உமிழ்நீரைத் தூண்டும் நரம்பிழைகள் திரும்ப வளரும்போது வியர்வைச் சுரப்பிகளில் போய்ச் சேர்வதால் வருவது. போட்டாக்ஸ் ஊசியில் நன்றாகக் கட்டுப்படும்.

அப்புறம், கழுத்தில் தழும்புக்கு அருகே சிறு முடிச்சு தட்டுப்படலாம். கட்டி திரும்பிவிட்டது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதும் தவறு, தானாகவே 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடுவதும் தவறு. வெட்டிய நரம்பின் முனை திரண்டுகொண்டாலும் அப்படி வரும். அழுத்தினால் காதுப்பக்கம் சுரீர் என்று ஷாக் அடிக்கும். எதுவானாலும் அறுவை செய்த மருத்துவரிடமே காட்டுங்கள். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்.