மகளின் ஃப்ராக் பேட்டர்னில் எனக்கொரு பனியன் துணி கவுன்

12 வயது மகளுக்கு நான் தைத்த அரைக்கை ஃப்ராக் அவளைவிட எனக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனது. அதே பேட்டர்னில் (துணி வெட்டுவதற்கான தாள் அச்சு) எனக்கும் ஒன்று தைக்கலாம் என்று ஜெராக்ஸ் கடையில் 110 சதவீத அளவுக்குப் பெரிதாக்கி எடுத்து வந்தேன். நெஞ்சுச் சுற்று கச்சிதம். கழுத்து மட்டும் தோளைவிட்டு வழுக்கி இறங்கியது. 12 வயதுப் பிள்ளையின் தலை கிட்டத்தட்ட நம் தலை அளவுதான். அதனால் கழுத்தைப் பெரிதாக்கத் தேவையே இல்லை. வளர வேண்டியது வேறு இடங்கள்.

துணி

பனியன் துணி திருப்பூர்ப் பக்கம் கிலோ கணக்கில் கிடைக்கும். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம்), 60 இன்ச் அகலம் என்றால் ஒரு கிலோவுக்கு மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அரைக் கிலோ போதும். லைக்ரா (ரப்பர் போல இழுபடும் நூல்) கலந்ததாகப் பாருங்கள். 4 இன்ச் துணியை இழுத்தால் 6 இன்ச் வரை போய், விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வெட்டும் முன் ஒரு தடவை அலசி, கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காய வையுங்கள். தொங்கினால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும்.

அகலம்

பேட்டர்னை மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் நகலெடுத்துக்கொள்ளுங்கள். (பிரவுன் ஷீட்டைவிட இதுதான் எனக்கு இஷ்டம், சுருண்டுகொள்ளாது.) பேட்டர்ன்படி தைத்தால் சுற்று 31 இன்ச். எனக்கு வேண்டியது 34. இழுபடும் துணி என்பதால் உடம்பு அளவே போதும், லூஸ் சேர்க்க வேண்டாம். வித்தியாசம் 3 இன்ச். அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு கால் பாகத்துக்கும் முக்கால் இன்ச். அதில் அரை இன்ச்சைப் பக்கத் தையலில் கூட்டினேன். மீதிக் கால் இன்ச்சுக்கு, தோளின் நடுவிலிருந்து கீழ் மடிப்பு வரை நேராக வெட்டி விரித்தேன். கழுத்து தொடப்படவே இல்லை பாருங்கள்.

அக்குள்: என்னைப் படுத்தியெடுத்த இடம்

கை இறுக்குகிறது என்று முதல் தடவை அக்குளைக் கீழே முக்கால் இன்ச் தோண்டி வெட்டினேன். நின்றால் அழகாக இருந்தது. பரணில் இருந்து டப்பா எடுக்கக் கையைத் தூக்கினேன், கவுன் முழுக்க முட்டிக்கு மேலே ஏறிவிட்டது! அக்குள் கீழே போகப் போகக் கை தூக்கும்போது உடம்புத் துணியும் சேர்ந்து இழுபடும்.

சரியான வழி இது. தோளுக்கும் அக்குளுக்கும் பாதியில், படுக்கைவாட்டில் ஒரு கோடு போட்டு வெட்டுங்கள். முன், பின் இரண்டிலும் முக்கால் இன்ச் விரித்து இடையில் தாள் ஒட்டுங்கள். கையின் மேல் வளைவிலும் பாதி உயரத்தில் அதேபோல் வெட்டி அதே முக்கால் இன்ச். கையின் இரண்டு ஓரத்திலும் அரை அரை இன்ச் கூட்ட மறக்காதீர்கள், பக்கத் தையலில் கூட்டியதற்கு ஈடாக. இப்போது இன்ச் டேப்பை நிமிர்த்திப் பிடித்து அக்குள் வளைவு, கை வளைவு இரண்டையும் அளந்து பாருங்கள். பொருந்தவில்லையா, துணியில் கத்திரி வைக்காதீர்கள்.

பின்கழுத்திலிருந்து இடுப்புக்குப் பேட்டர்னில் 14 இன்ச், எனக்குப் பதினைந்தரை. அக்குள் பக்கம் விரித்ததில் முக்கால் ஏற்கெனவே வந்துவிட்டது. மீதி முக்காலை இடுப்புக்குச் சற்று மேலே விரித்தேன். கீழ் நீளம் உங்கள் இஷ்டம்.

குழந்தை பேட்டர்னில் மார்புக்கென்று இடம் இருக்காது. முன்பக்கத்தில் மட்டும் மார்பு மட்டத்தில் இன்னொரு முக்கால் இன்ச் விரியுங்கள். பக்கத் தையலில் முன்துண்டு நீளமாக நிற்கும். அந்த நீளத்தை மார்பு மட்டத்தில் 3 இன்ச் தூரத்துக்குள் அடக்க வேண்டும். தைக்கும்போது முன்துண்டு கீழே, மெஷின் பல் (துணியை அடியிலிருந்து நகர்த்துவது) பக்கம் இருக்கட்டும். பல்லே அதை இழுத்து அடக்கிவிடும்.

தையல்

பால் பாயிண்ட் ஊசி (முனை உருண்டையாக இருக்கும் மெஷின் ஊசி) கட்டாயம். சாதா ஊசியில் தையல் விட்டு விட்டு விழும். ஜிக்ஜாக் அகலம் 1, நீளம் இரண்டரை. தோள் தையலில் கால் இன்ச் காட்டன் நாடாவைச் சேர்த்துத் தையுங்கள், தோள் தொங்காது. கழுத்துப் பட்டி ரிப் துணியில் (வரிவரியாகப் பின்னிய, நன்றாக இழுபடும் துணி): கழுத்துச் சுற்று 20 இன்ச் என்றால் பட்டி 17, இரண்டு முனையையும் இணைக்கத் தையலுக்கு அரை இன்ச் தனி.

பிறகு சேர்த்தது

வீட்டில் கறுப்பு மிதி மெஷின்தான் இருக்கிறது, ஜிக்ஜாக் இல்லையே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பக்கத் தையலுக்குச் சின்னத் தையல் வைத்து, துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்கலாம். கழுத்துக்கு அது ஆகாது, தலையை நுழைத்ததும் நூல் படபடவென்று அறும். கழுத்தை மட்டும் ஓவர்லாக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கீழ் மடிப்பு அலை அலையாக வருகிறது என்றவருக்கு: துணியை அமுக்கிப் பிடிக்கும் மெஷின் காலின் அழுத்தத்தைக் குறையுங்கள். அதற்குத் திருகு இல்லாத மெஷின் என்றால் துணிக்கு அடியில் செய்தித்தாள் கீற்று வைத்துத் தைத்துவிட்டு, தையலோரமாகக் கிழித்தெடுங்கள். வெள்ளைத் துணிக்கு வேண்டாம், மை ஒட்டும்.