மகரந்தப்பை வளர்ப்பு: 24 குரோமோசோம் இருந்தால் மட்டும் டிஹெச் ஆகிவிடாது

காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி என்று சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு ப்ராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஆய்வுக் கட்டுரையின் ஜெராக்ஸ் இருக்கும். நெல்லிலோ கத்தரியிலோ மகரந்தப்பையைப் பிரித்தெடுத்து, சத்துக் கலவையான மீடியத்தில் போட்டு, உள்ளே இருக்கும் நுண்வித்துகளை, அதாவது மகரந்தமாக வேண்டிய இளம் செல்களை, செடியாக்கிவிட வேண்டும் என்று துடிப்பார்கள். நியாயமான ஆசைதான். இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறையான எஃப்1 செடியிலிருந்து, விதைத்தால் குணம் மாறாமல் வரும் தூய வரிசை எடுக்க வழக்கமான முறையில் ஆறேழு தலைமுறை ஓட்ட வேண்டும். இங்கே நுண்வித்தில் இருப்பது ஒற்றை மடி (ஹாப்ளாய்டு), அதாவது நெல்லுக்கு 12 குரோமோசோம். அது இரட்டித்து 24 ஆனால் எல்லா மரபணு இடத்திலும் இரண்டு பக்கமும் ஒன்றேதான். ஒரே தலைமுறையில் தூய வரிசை கிடைத்துவிடும். இதைத்தான் இரட்டித்த ஹாப்ளாய்டு, சுருக்கமாக டிஹெச் என்கிறோம்.

நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த குழிகளிலேயே இவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கை கழுவாதது, ஆட்டோகிளேவைச் சீக்கிரம் திறப்பது போன்றவற்றை முதல் வாரத்திலேயே பூஞ்சை கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேதி பார்த்துக் கதிர் அறுப்பது

"நட்டு 60 நாள் ஆச்சு சார், எடுத்துடலாமா?" என்று கேட்காதீர்கள். நெல்லில் நுண்வித்து ஒரே உட்கருவோடு, நடுப் பருவத்திலிருந்து பிந்திய பருவத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி மாவுச்சத்து சேர ஆரம்பித்தால் அது மகரந்தமாகத்தான் முடியும், நம் சொல் கேட்காது. கடைசியாக வரும் கண்ணாடி இலையின் கழுத்துக்கும் அதற்குக் கீழ் இலையின் கழுத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துப் பொதிக் கதிர் எடுப்பது நல்ல வழக்கம். ஆனால் அந்த இடைவெளி ரகத்துக்கு ரகம் மாறும், சம்பாவில் ஒன்று, நவரையில் ஒன்று. ஒரே கதிரிலும் நுனிப் பூ முந்தி, அடிப் பூ பிந்தி. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பூவைப் பிரித்து, மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கி, மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மிளகாயில் புல்லி வட்டமும் அல்லி வட்டமும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும் மொட்டில் தொடங்குவார்கள். அங்கேயும் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான்.

வேலூர் வெயிலை இன்குபேட்டர் ஆக்குவது

நெல்லுக்குக் குளிர்ச்சி வேண்டும்: வெட்டிய கதிரை ஈரம் போகாமல் சுற்றி, 10 டிகிரியை ஒட்டி ஒரு வாரம் பத்து நாள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நேர்மாறு: மகரந்தப்பையை மீடியத்தில் வைத்த பிறகு 35 டிகிரியில், இருட்டில், 8 நாள். ஒன்றின் முறையை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

இலவம்பாடி முள்ளுக் கத்தரியில் வேலை செய்ய வந்த ஒரு பையன், "மே மாசம் நம்ம ஊர்ல 35 சும்மாவே வருதே சார்" என்று தட்டுகளைக் கறுப்புத் துணியால் மூடி அலமாரியில் வைத்துவிட்டான். பகலில் 40, விடியற்காலையில் 30க்குக் கீழே. தட்டின் மூடியில் நீர் முத்து கோத்து, இரவில் சொட்டி, அகார் மேல் குளம் கட்டி நின்றது. மகரந்தப்பைகள் அதில் மிதந்தன. கருவும் வரவில்லை, உருவமில்லாத செல் திரளான கேலஸும் வரவில்லை. 35 என்றால் ஏற்ற இறக்கம் இல்லாத 35.

24ஐ எண்ணிவிட்டு டிஹெச் என்று எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. மற்ற தவறுகளில் செடியே வராது, நஷ்டம் அத்தோடு போகும். இதில் செடி நன்றாக வரும், பச்சையாக இருக்கும், கதிர் தள்ளும், நெல்லும் பிடிக்கும். இரண்டு போகம் போன பிறகுதான் குட்டு வெளிப்படும்.

மகரந்தப்பைக்குள் நுண்வித்து மட்டுமா இருக்கிறது? சுற்றிலும் சுவர், நடுவே இணைப்புத் திசு, அடியில் மகரந்தக் கம்பியின் மிச்சம். இவை எல்லாமே தாய்ச் செடியின் சாதாரண உடல் செல்கள், 24 குரோமோசோம் உள்ளவை. மீடியத்தில் நாம் போடும் 2,4-டி என்ற வளர்ச்சி ஊக்கி அவற்றையும் தூண்டும். இடுக்கியால் மகரந்தப்பையைக் காயப்படுத்தினாலோ, கம்பியை ஒட்டவிட்டு வைத்தாலோ அந்த இடத்தில் கேலஸ் கிளம்பும். அதிலிருந்து வரும் செடி உங்கள் எஃப்1 செடியின் நகல், அவ்வளவுதான்.

நெல்லில் நுண்வித்துக் கேலஸ், குரோமோசோமை இரட்டிக்க வைக்கும் கோல்சிசின் மருந்து இல்லாமலே தானாக இரட்டிப்பது சகஜம். அதனால் வேர் நுனியில் 24 எண்ணியதும், "ஆஹா, தானாக இரட்டித்துவிட்டது" என்று நம்பத் தோன்றும். சுவரிலிருந்து வந்த செடிக்கும் அதே 24தான். செல்லின் டிஎன்ஏ அளவைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இருந்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

ஆரணிப் பக்கத்து மாணவர் ஒருவர், சன்ன அரிசி ரகத்தையும் குட்டையான ஒரு ரகத்தையும் சேர்த்து எஃப்1 எடுத்து இந்த வேலையைச் செய்தார். கிடைத்த பச்சைச் செடிகளில் 12 உள்ளவற்றை ஒதுக்கிவிட்டு, 24 உள்ளவற்றுக்கெல்லாம் டிஹெச்-1, டிஹெச்-2 என்று சீட்டுக் கட்டினார். விதை பிடித்து, அடுத்த சம்பாவில் வரிசை வரிசையாக நட்டாயிற்று. பூக்கும் நேரத்தில் போய்ப் பார்த்தால், ஒரே வரிசையில் இடுப்பு உயரம் ஒன்று, முழங்கால் உயரம் ஒன்று. மணியைப் பிரித்தால் சன்னமும் மோட்டாவும் கலந்து கிடக்கிறது. அவருடைய வழிகாட்டி வந்து பார்த்துவிட்டு, "களத்துல கலவன் விழுந்திருக்கு" என்று கதிர் அடித்த ஆட்கள் மேல் பழியைப் போட்டார். களத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த வரிசைகள் சுத்தமான எஃப்2, அதாவது எஃப்1 விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறை. டிஹெச் வரிசையில் இப்படிக் குணங்கள் பிரியவே கூடாது. பிரிந்தால் கலவனையும் சந்தேகியுங்கள், சுவர்ச் செடியையும் சந்தேகியுங்கள். அந்த வயலில் பல வரிசை ஒரே விதமாகப் பிரிந்திருந்தது. களக் கலவன் அப்படி ஒழுங்காக விழாது.

இதற்குச் செய்ய வேண்டிய சோதனை சின்னது. இரண்டு பெற்றோருக்கும் வித்தியாசமாக இருக்கும் எஸ்எஸ்ஆர் மார்க்கர் (டிஎன்ஏ அடையாளம்) மூன்று நான்கைத் தேர்ந்தெடுங்கள். நெல்லுக்கு ஆர்எம் என்று பெயர் தொடங்கும் வரிசையில் ஏராளமாக இருக்கின்றன. செடி குப்பியில் இருக்கும்போதே ஒரு துண்டு இலை போதும். டிஎன்ஏவை ஓட்டும் ஜெல்லில் முதல் இரண்டு குழியில் பெற்றோர், மூன்றாவதில் எஃப்1, அப்புறம் உங்கள் செடிகள். எஃப்1ல் இரண்டு கோடு தெரியும். டிஹெச் என்றால் மேல் கோடு அல்லது கீழ்க் கோடு, ஏதாவது ஒன்றுதான். இரண்டும் தெரிந்தால் அந்தக் குப்பிக்கு டிஹெச் சீட்டு கிடையாது. ஒரே மார்க்கரை மட்டும் நம்ப வேண்டாம். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் ஒரு கோடு விழாமல் போய் ஏமாற்றுவது உண்டு.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தை இனச் செடியின் மகரந்தப்பையிலிருந்து கருக்கள் வந்ததை 1964ல் வெளியிட்டார்கள். உலகத்துக்கே இந்தத் துறை தொடங்கிய இடம் அது. அந்தக் கருக்கள் மகரந்தத் துகளுக்குள்ளிருந்தே புறப்படுகின்றன என்று காட்டிய அவர்களுடைய கட்டுரை 1966ல் வந்தது. கண்டுபிடித்தவர்களே "எங்கிருந்து வந்தது" என்ற கேள்வியை விடவில்லை. நாம் ஒரு ஜெல் ஓட்டச் சலித்துக்கொள்கிறோம்.

தூய ரகத்தில் பழகுவது

மேலே சொன்னதன் தம்பி. கை பழக என்று, ஏற்கெனவே தூய்மையான ஏடிடீ 37 மாதிரி ஒரு ரகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் சுவர்ச் செடியும் டிஹெச் செடியும் மார்க்கரில் ஒரே மாதிரிதான் தெரியும். 12 உள்ள ஹாப்ளாய்டு கிடைத்தால் மட்டுமே நுண்வித்து வேலை செய்தது என்று தெரியும். 24 உள்ளவை எங்கிருந்து வந்தன என்று கடைசி வரை சொல்ல முடியாது. பழகுவதையும் எஃப்1லேயே பழகுங்கள்.

பூச்சிமருந்து அடித்த வயல்

அங்கே கதிர் எடுக்காதீர்கள்.

கேலஸைக் கொழுக்க விடுவது

பெரிதாகட்டும் என்று காத்திருந்தால் வெள்ளைச் செடிதான் அதிகம் வரும். பச்சையம் இல்லாத அந்த அல்பினோ மண்ணில் பிழைக்காது. இண்டிகா நெல்லில் இந்தத் தொல்லை ஏற்கெனவே உண்டு, தாமதம் அதைக் கூட்டும். ஓரிரு மில்லிமீட்டர் ஆனதுமே செடி முளைக்கும் மீடியத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் கோல்சிசின்

முதலில் மடி, அதாவது குரோமோசோம் 12ஆ 24ஆ என்று பாருங்கள். 12 உள்ளதற்கு மட்டும் கொடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு.